தெரிந்தும் ஏன் தடுக்கவில்லை?

கேள்வி கேட்டிருக்கும் தம்பிக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஆற்றங்கரை ஊர். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அவருடைய ஆச்சி தவறிவிட்டார்கள். தொழுவத்தில் கட்டிக்கிடந்த இரண்டு மாடும் போய்விட்டது. அவர் எழுதியதைச் சுருக்கினால் மூன்று கேள்விகள் வரும். "எல்லாம் ஆண்டவனுக்கு முன்கூட்டியே தெரியும்னா நாம எதுக்கு யோசிச்சு முடிவெடுக்கோம்?" என்பது ஒன்று. "தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தாரு?" என்பது இன்னொன்று. மூன்றாவது வீட்டு விவகாரம்: அப்பாவுக்கும் ஒரு கண்டம் இருக்கிறது, பரிகாரம் செய்தால் விலகும் என்று ஜோசியர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார், செய்யலாமா? இடையில் ஒரு துணைக் கேள்வியும் இருக்கிறது. பெரியப்பா 'விதி' என்கிறார், பக்கத்து வீட்டு அக்கா 'தேவ சித்தம்' என்கிறார், கூடப் படித்த காயல்பட்டினத்து நண்பர் 'தக்தீர்' (இஸ்லாத்தில் அல்லாஹ் வகுத்த விதி) என்கிறார், மூன்றும் ஒன்றுதானா?

தம்பி, பாளையங்கோட்டையில் பல வருஷம் தத்துவம் நடத்தியவன் என்ற உரிமையில் ஒன்றை முதலிலேயே பிரித்து வைக்கிறேன். உங்கள் முதல் கேள்வியும் இரண்டாவது கேள்வியும் ஒட்டிப் பிறந்தவை போலத் தோன்றும். முதலாவது தர்க்கக் கேள்வி. பொறுமையாக உட்கார்ந்தால் பெருமளவு அவிழ்ந்துவிடும். இரண்டாவது அப்படி அவிழாது. முதலாவதற்குக் கிடைத்த விடையை இரண்டாவதன் மேல் பூசி அனுப்புவதுதான் துக்க வீட்டுக்கு வருகிறவர்கள் வழக்கமாகச் செய்வது. உங்களுக்கு எரிச்சல் வந்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன். வரவேண்டிய எரிச்சல்தான்.

முதலாவதை எடுப்போம். அந்த டிசம்பர் 17 ராத்திரி, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயிலை உங்கள் ஸ்டேஷனில் நிறுத்திப்போட்டார்கள். செய்துங்கநல்லூர் பக்கம் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி, மண் எல்லாம் அரித்துப்போய் வெறும் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. வண்டியில் கிட்டத்தட்ட 800 பேர். நிறுத்திய ஸ்டேஷன் மாஸ்டர், சிக்னலைப் போட்டு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் நிறுத்தினார்.

இப்போது கடவுளை உள்ளே கொண்டுவருவோம். அவர் நிறுத்துவார் என்பது உலகம் உண்டாகும் முன்பே கடவுளுக்குத் தெரியும். கடவுளுக்குத் தெரிந்தது பொய்க்காது. ஆகவே அவரால் நிறுத்தாமல் இருந்திருக்கவே முடியாது. ஆகவே அதில் அவருக்கு ஒரு பெருமையும் இல்லை. கேட்டால் எங்கும் இடைவெளி இல்லாத வாதம் போல இருக்கும். இடைவெளி 'ஆகவே' என்று முதலில் வருகிற இடத்தில் இருக்கிறது. "கடவுளுக்குத் தெரிந்திருந்தால் அது நடக்கும்" என்பதில் சந்தேகமே கிடையாது. அதிலிருந்து "அது நடந்தே ஆக வேண்டியது" என்று வராது. கட்டாயம் என்பது அறிவும் நிகழ்ச்சியும் ஒத்துப்போவதில் இருக்கிறது; நிறுத்திய ஆளின் கையில் விலங்காக இல்லை. அவர் நிறுத்தாமல் விட்டிருந்தால், கடவுள் ஆதியிலேயே அறிந்திருப்பதும் "விட்டுவிடுவார்" என்பதாகவே இருந்திருக்கும். அறிவுதான் செயலைத் தொடர்ந்து வருகிறது, செயல் அறிவைத் தொடர்ந்து வரவில்லை.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. கிறிஸ்தவ ஞானி அகஸ்டின் 4ஆம் நூற்றாண்டின் கடைசியில், சுதந்திர விருப்பம் பற்றிய தன் நூலில், இதை ஞாபகத்தை வைத்துச் சொன்னார்: நேற்று நடந்ததை நான் நினைவில் வைத்திருப்பதால் அது கட்டாயத்தின்பேரில் நடந்தது என்றாகாது, அதேபோல் நாளை நடப்பதைக் கடவுள் அறிந்திருப்பதும். இத்தாலியில் அரசனிடம் பெரிய பதவியில் இருந்து ராஜதுரோகக் குற்றச்சாட்டில் சிறைப்பட்ட போயத்தியஸ், 524 வாக்கில் சாவுத் தண்டனைக்குக் காத்திருந்தபோது இன்னும் ஒரு படி மேலே போனார். கடவுளுக்கு 'முன்கூட்டி' என்பதே கிடையாது என்றார். நமக்கு நேற்று, இன்று, நாளை என்று வரிசையாக வருவது அவருக்கு ஒரே பார்வையில் நிற்கிறது. நீங்கள் இப்போது உட்கார்ந்திருப்பதை நான் பார்த்தால், நீங்கள் உட்கார்ந்திருப்பது நிச்சயம். ஆனால் என் பார்வை உங்களை உட்கார வைக்கவில்லை. கழுத்துக்குக் கயிறு வரப்போகிற நேரத்தில் ஒரு மனிதன் இதை நிதானமாக உட்கார்ந்து எழுதியிருக்கிறான் என்பதே எனக்கு இன்னும் ஆச்சரியம்.

இதற்கு எதிர்வாதம் இல்லாமல் இல்லை. 1965இல் நெல்சன் பைக் என்ற அமெரிக்கர் பழைய முடிச்சைப் புதிதாக இறுக்கினார். கடவுள் காலத்துக்குள் இருக்கிறவர் என்று கொண்டால், அவர் 80 வருஷம் முன்னாலேயே நான் இன்று செய்யப்போவதை நம்பியிருக்கிறார். அந்த நம்பிக்கை இறந்தகாலச் சங்கதி. இறந்தகாலத்தை யாராலும் மாற்ற முடியாது. அப்புறம் எனக்கு எங்கே இடம்? போயத்தியஸ் வழியில் போனால், கடவுள் காலத்துக்கு வெளியே இருப்பதால் இந்தச் சிக்கல் வராது என்று தப்பிக்கலாம். ஆனால் வெளியே இருக்கிறவர் உள்ளே வந்து வாயைத் திறந்துவிட்டால்? சேவல் கூவும் முன் மூன்று தரம் என்னை மறுதலிப்பாய் என்று இயேசு தன் சீஷன் பேதுருவிடம் சொல்கிறார். அது காலத்துக்குள், ஒரு ராத்திரியில், சாட்சிகள் முன்னிலையில் சொன்ன வார்த்தை. சொன்ன பிறகு பேதுருவால் மறுதலிக்காமல் இருந்திருக்க முடியுமா? எனக்குத் தெரிந்து போயத்தியஸ் வழியில் இருக்கும் மிகக் கடினமான மேடு இது. நம் பக்கம் கோயில் கொடையில் சாமியாடி குறி சொல்கிறாரே, அதை நம்புகிறவர்களுக்கும் இதே மேடுதான்.

லூயிஸ் தெ மொலினா என்ற இயேசு சபைத் துறவி 1588இல் லிஸ்பனில் அச்சிட்ட பெரிய நூல் இந்த மேட்டைத் தாண்டப் பார்க்கிறது. 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் அதே சபைக்காரர், கப்பல் ஏறியதும் அதே லிஸ்பனில்தான். மொலினா சொல்வது: இன்ன ஆள் இன்ன நிலைமையில் சுதந்திரமாக என்ன செய்வான் என்பது, உலகத்தைப் படைக்கும் முன்பே கடவுளுக்குத் தெரியும்; அதை வைத்துக்கொண்டு எந்த உலகத்தைப் படைப்பது என்று அவர் தேர்ந்தார். பேதுரு அந்த முற்றத்தில், அந்தக் குளிரில், அந்த வேலைக்காரியின் கேள்விக்கு என்ன சொல்வான் என்பது தெரியும், சொன்னவன் பேதுருதான். அழகான தீர்வு. சுதந்திரம் தப்பித்தது. ஆனால் அதற்குக் கொடுத்த விலையைக் கவனியுங்கள். எல்லா உலகங்களையும் முன்னால் விரித்துவைத்து, இதுதான் வேண்டும் என்று எடுத்தவர், இனி வெறும் பார்வையாளர் ஆக முடியாது. உங்கள் இரண்டாவது கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

அதற்குப் போகுமுன் துணைக் கேள்வியை முடித்துவிடுவோம். மூன்றும் ஒன்றில்லை. பெரியப்பா சொல்கிற விதிக்குக் கடவுளே தேவையில்லை. பழைய ஆசீவக மதத்தார் நியதி என்று சொன்னதை அறிந்து வைத்திருக்கவோ எழுதி வைக்கவோ ஆள் வேண்டியதில்லை; அது தானாக உருளும். வள்ளுவர் ஊழ் என்று ஒரு அதிகாரம் எழுதி "ஊழிற் பெருவலி யாவுள" என்று முடிக்கிறார். பிறகு ஆள்வினையுடைமையில் "ஊழையும் உப்பக்கம் காண்பர்" என்று, முயல்கிறவன் அந்த ஊழையே புறமுதுகு காட்டி ஓடவைப்பான் என்கிறார். முரண்பாடு என்று சிலர் குதிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலாவது, நடந்து முடிந்ததைப் பார்க்கிறவனுக்குச் சொன்னது. இரண்டாவது, இன்னும் நடக்காததன் முன்னால் நிற்கிறவனுக்கு. பெரியப்பா செய்கிற தப்பு, முதல் ஆளுக்கான வார்த்தையை இரண்டாவது ஆளிடம் சொல்வது.

தக்தீரைப் பற்றி உங்கள் நண்பரிடம் கலிஃபா உமர் கதையைக் கேளுங்கள், தெரிந்திருக்கும். கி.பி. 639 வாக்கில் ஷாம் தேசத்தில் (சிரியாப் பக்கம்) அம்வாஸ் என்ற ஊரின் பெயரால் வழங்கும் கொள்ளைநோய் பரவியது. அங்கே போய்க்கொண்டிருந்த உமர், நோய்ச் செய்தி கேட்டதும் வழியிலேயே ஆலோசித்துத் திரும்ப முடிவெடுத்தார். படைத்தலைவர் அபூ உபைதா கேட்டார், "அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள்?" உமர் சொன்னார், "ஆம், அல்லாஹ்வின் விதியிலிருந்து அல்லாஹ்வின் விதிக்கே ஓடுகிறோம்." ஒரு பள்ளத்தாக்கில் ஒரு பக்கம் பசுமை, மறுபக்கம் வறட்சி, ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அல்லாஹ்வின் விதிப்படிதானே மேய்க்கிறாய் என்றும் கேட்டார். அபூ உபைதா தன் ஆட்களை விட்டு வராமல் அங்கேயே இருந்து அந்த நோயிலேயே இறந்தார். இரண்டு பேரும் நம்பியது ஒரே விதியை. செய்தது வேறு வேறு. விதியை நம்புகிறவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று வெளியிலிருந்து பேசுகிறவர்கள் இந்தக் கதையைப் படிக்க வேண்டும். பின்னால் வந்த இஸ்லாமிய இறையியலாளர்களில் அஷ்அரி மரபினர், செயலைப் படைப்பவன் இறைவன், அதைச் சம்பாதித்துத் தனதாக்கிக்கொள்பவன் மனிதன் என்று நுணுக்கமாகப் பிரித்தார்கள். அந்தப் பிரிவு நிற்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு, ஆனால் உமருடைய பதில் அதை நம்பி இல்லை.

நம் சைவத்தில் கணக்கே வேறு. இறைவன் உயிர்களைப் படைக்கவே இல்லை. "பதியினைப் போற்பசு பாசம் அனாதி" என்கிறது திருமந்திரம். உயிரும், அதைப் பற்றிய ஆணவம் முதலான மலங்களும் இறைவனைப் போலவே தொடக்கம் இல்லாதவை. வினை சடப்பொருள், தானாகப் போய்ச் செய்தவனைக் கண்டுபிடித்துச் சேராது; சேர்க்க ஒருவன் வேண்டும். பெரியபுராணம் சாக்கிய நாயனார் வரலாற்றில் "செய்வினையும் செய்வானும் அதன்பயனும் கொடுப்பானும்" என்று நான்காக எண்ணுவது அதைத்தான். ஆகவே "இப்படிப்பட்ட உயிரை ஏன் படைத்தாய்?" என்று சிவனைக் கேட்க முடியாது. அந்தக் கேள்வி பைபிளின் கடவுளிடமும் குர்ஆனின் கடவுளிடமும்தான் செல்லும்.

சரி, இரண்டாவது கேள்வி.

மலை மேல் நின்று வெள்ளம் வருவதைப் பார்க்கிறவன் மேல் யாரும் பழி போட மாட்டார்கள். அணை மதகைத் திறந்து மூடுகிற பொறுப்பில் உள்ளவனுக்கும் அதே வெள்ளம் முன்கூட்டியே தெரியும் என்று வையுங்கள். அவனிடம் போய் "உன் அறிவு வெள்ளத்தை உண்டாக்கவில்லை, ஆகவே நீ நிரபராதி" என்று சொல்வோமா? முதல் கேள்விக்குக் கிடைத்த விடை மலை மேல் நிற்பவனுக்குப் போதும். மதகுக்காரனுக்குப் போதாது. எல்லாம் வல்லவர் என்று நாம் கும்பிடுகிற கடவுள் மதகில் நிற்கிறவர்.

இதற்கு மிகப் பிரபலமான பதில், அவர் நம் சுதந்திரத்தை மதிக்கிறார் என்பது. தீமையே செய்ய முடியாத மனிதன் நன்மையும் செய்ய முடியாது. 1955இல் ஜே. எல். மாக்கி என்ற தத்துவ ஆசிரியர், எல்லாம் வல்ல நல்ல கடவுளும் தீமையும் சேர்ந்து இருப்பதே தர்க்க முரண் என்று எழுதியபோது, அதற்கு ஆல்வின் பிளான்டிங்கா என்ற அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் 1974இல் இந்த வழியில்தான் பதில் கட்டினார். தர்க்க முரண் இல்லை என்ற அளவில் அவர் ஜெயித்துவிட்டார் என்று எதிர்த்தரப்பிலேயே பலர் ஒத்துக்கொண்டார்கள்.

அந்தப் பதிலை நம் தாமிரபரணி ஆற்றில் இறக்கிப் பார்ப்போம். 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்கள் மேல் திருநெல்வேலிக் கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி. ஆற்றுக்குள் இறங்கி ஓடியவர்களில் 17 பேர் பிணமாகக் கிடைத்தார்கள். ஒரு சின்னக் குழந்தையும் அதில். இது மனிதர்கள் தேர்ந்து செய்தது. கடவுள் தடியைப் பிடித்து நிறுத்தவில்லை, சுதந்திரத்தை மதித்தார் என்று சொல்லலாம். யாருடைய சுதந்திரத்தை என்று அடுத்தபடியாகக் கேட்க வேண்டும். ஓங்குகிறவனுடைய சுதந்திரம் மதிக்கப்பட்டது. அந்தக் குழந்தை உயிரோடிருந்து ஒரு நாள் எதையாவது தேர்ந்திருக்குமே, அந்தச் சுதந்திரம் கணக்கில் வரவில்லை. இந்த இடத்தில் பிளான்டிங்காவின் தர்க்கம் உடையாது. ஆனால் கேட்கிறவனுக்குத் தொண்டைக்குக் கீழே இறங்காது.

அதே ஆறு, 2023 டிசம்பர். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். உங்கள் ஊரில் 60ஐத் தாண்டியது. இந்த மழையை யார் தேர்ந்தார்கள்? குளத்தங்கரைகள் உடைந்ததிலும், நீர்வழியில் வீடு கட்டியதிலும் மனிதன் கை இருக்கிறது, மறுக்கவில்லை. மழையின் அளவில் உங்கள் ஆச்சியின் விருப்பமோ எவருடைய விருப்பமோ இல்லை. மாடுகளைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் தத்துவத்தில் அவைதான் பெரிய கேள்வி. தும்பு அவிழ்க்க ஆள் இல்லாமல், தண்ணீர் மூக்குக்கு ஏற ஏறக் கழுத்தை உயர்த்திக்கொண்டு நின்ற மாட்டுக்கு என்ன சுதந்திரம், என்ன பாடம்? 1979இல் வில்லியம் ரோ என்ற அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் இதைத்தான் கேட்டார். காட்டுத்தீயில் வெந்து, யாரும் பார்க்காமல் நாள்கணக்கில் துடித்துச் செத்த ஒரு மான்குட்டியின் வேதனையால் யாருக்கு என்ன நன்மை? இதற்குச் சுதந்திரம் என்ற பதில் எட்டவே எட்டாது.

எட்டுகிற பதில் ஒன்று உண்டு: உலகம் ஒழுங்கான விதிகளில் ஓடினால்தான் மனிதன் எதையும் திட்டமிட முடியும். நெல்லை விளைவிக்கிற தண்ணீரே மூழ்கடிக்கவும் செய்யும். ஒவ்வொரு ஆபத்திலும் கடவுள் கைவைத்தால் விதைக்கிறவன் எதை நம்பி விதைப்பான்? நியாயமான வாதம். ஆனால் இதை நம் ஊர்க்காரன் சொல்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது. திருநெல்வேலிக்குப் பெயர் வந்த கதையில், வேதசர்மர் என்ற பக்தர் பிச்சையெடுத்துச் சேர்த்த நெல்லை, சுவாமி நைவேத்தியத்துக்காகக் காயப்போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். பெருமழை. பதறி ஓடிவந்து பார்த்தால் சுற்றிலும் வெள்ளம், நெல் மேல் மட்டும் ஒரு சொட்டு விழவில்லை. சுவாமி வேலி கட்டிக் காத்தார். தைப்பூசத் திருவிழாவில் நெல்லையப்பர் கோயிலில் இதை வருஷாவருஷம் நடத்திக் காட்டுகிறோம். ஒரு படி நெல்லுக்கு மழையை விலக்கினவர் என்று கொண்டாடிக்கொண்டு, மறுபக்கம் இயற்கை ஒழுங்கில் அவர் தலையிட மாட்டார் என்று சொல்ல முடியாது. அற்புதத்தை நம்புகிறவருக்கு இந்தப் பதில் பாதிதான் சொந்தம். இது நெல்லையப்பருக்கு மட்டும் இல்லை. காற்றையும் கடலையும் அதட்டியவருக்கும், நூஹ் நபியின் கப்பலைக் காத்தவருக்கும் சேர்த்துத்தான்.

இருக்கக்கூடிய உலகங்களில் சிறந்தது இதுதான், சின்னத் தீமை பெரிய நன்மைக்குத் தேவை என்று 1710இல் ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ் எழுதினார். 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாள் காலை, பூசைக்கு ஜனம் கூடியிருந்த நேரத்தில் லிஸ்பன் நகரமே இடிந்தது, கடல் ஏறியது, மிச்சத்தை நெருப்பு தின்றது. மொலினாவின் நூல் அச்சான அதே லிஸ்பன். அதைப் பற்றி பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் கோபத்தில் எழுதியதைப் படித்த பிறகு லைப்னிட்ஸ் பதிலைத் துக்க வீட்டில் சொல்ல ஐரோப்பாவில் ஆள் கூசினான். இன்று நம் ஊரில் "எல்லாம் நன்மைக்கே" என்று தாராளமாகச் சொல்கிறார்கள்.

பாக்கி இருப்பது வினைக் கொள்கை. நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன், அதனால் கொஞ்சம் கடுமையாகவே பேசுகிறேன். தர்க்கத்தில் இதற்கு இணை இல்லை. ஏன் இவனுக்கு, ஏன் அவனுக்கு இல்லை என்ற கேள்விக்கு, மற்ற மரபுகள் தடுமாறுகிற இடத்தில், இது நேராகப் பதில் தருகிறது. இறைவன் மேல் பாரபட்சப் பழியும் விழாது. ஆனால் எனக்கு ஞாபகமே இல்லாத குற்றத்துக்குக் கிடைக்கிற அடி என்னை எப்படித் திருத்தும்? சைவ சித்தாந்தம் இதற்கு மலபரிபாகம் (மலம் பக்குவப்பட்டுக் கழலும் நிலை) என்று நீண்ட பதில் வைத்திருக்கிறது, அது தனியாகப் பேச வேண்டியது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கொள்கையை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பது. "இது என் வினை" என்று ஒருவர் தன்னைப் பார்த்துச் சொல்லும்போது அதில் ஒரு நிமிர்வு இருக்கிறது. "அது அவன் வினை" என்று அடுத்தவனைப் பார்த்துச் சொன்ன உடனே அதே வாக்கியம் கெட்டுப்போகிறது. குளத்தில் தண்ணீர் எடுக்க விடாமல், கோயில் வாசல் மிதிக்க விடாமல் வைத்த ஜனங்களிடம், போன ஜென்மத்துப் பலன் என்று சொல்லிக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டவர்கள் இந்தச் சீமையில் எத்தனை தலைமுறை! உங்கள் பெரியப்பா ஆச்சியைப் பற்றி "அவ வாங்கி வந்த வரம்" என்று சொன்னாராம். அவர் தன் துக்கத்தைத் தாங்க அதைச் சொல்லியிருந்தால் விட்டுவிடுங்கள்; தாயைப் பறிகொடுத்தவர். தீர்ப்பாகச் சொல்லியிருந்தால், அதைச் சொல்ல ஆச்சியின் முன்ஜென்மக் கணக்கு அவர் கையில் இருக்க வேண்டும். இல்லை.

இதையே வேதாகமமும் சொல்கிறது என்பதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் நினைவுபடுத்துங்கள். பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று இயேசு சொன்னார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைச் சொல்லி, அவர்கள் எருசலேமில் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, அதற்கும் இல்லை என்றார். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து கிடந்த யோபின் சிநேகிதர்கள் ஏழு நாள் ராப்பகலாக அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கெட்டார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது கேள்வி கேட்ட யோபின் மேல் இல்லை, தன் சார்பாக வக்காலத்து வாங்கிய இவர்கள் மேல்.

நம் பக்கமும் அந்தக் குரல் பழசு. புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் சாப்பறை, அடுத்த வீட்டில் கல்யாண முழவு என்று பார்த்துவிட்டு, "படைத்தோன் மன்றஅப் பண்பி லாளன்" என்கிறார். இப்படி ஒரு உலகத்தைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று முகத்துக்கு நேரே. வள்ளுவர், பிச்சையெடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டும் என்றால் "பரந்து கெடுக உலகியற்றி யான்" என்று படைத்தவனையே அலைந்து கெடச் சொல்கிறார். உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆழ்வார்திருநகரியில் அவதரித்த நம்மாழ்வார், திருவிருத்தத்தின் முதல் பாட்டிலேயே இந்த அழுக்குடம்பும் பிறப்பும் இனி வேண்டாம் என்று சொல்லி, "மெய்ந்நின்று கேட்டருளாய்" என்று நிறுத்திக் கேட்கவைக்கிறார். இவர்களில் யாரையும் நாத்திகர் என்று யாரும் தள்ளவில்லை. ஆகவே "தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தாரு?" என்று கேட்டதற்காகச் சாமி குத்தம் வந்துவிடும் என்று அம்மா பயந்தால், பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அப்படியானால் என் பதில் என்ன என்றால்: கடவுளுக்குத் தெரிந்திருந்தது என்பதால் நீங்கள் பொம்மை ஆகிவிடவில்லை, இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஏன் தடுக்கவில்லை என்பதற்கு நான் படித்த எந்தப் பதிலும், அந்த மழையையும் அந்த மாட்டையும் அந்தக் குழந்தையையும் ஒருசேரத் தாங்கவில்லை. இதற்காகச் சாமி கும்பிடுவதை நான் விடவில்லை. கும்பிடுகிறேன் என்பதற்காகக் கேள்வியையும் விடவில்லை. அந்த டிசம்பரில் ரயிலில் மாட்டிக்கொண்ட ஜனத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள், தங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் நின்ற நேரத்தில், அரிசியைத் திரட்டிப் பொங்கிப் போட்டார்கள். இதைச் சொல்வது தீமைக்கு நியாயம் கற்பிக்க இல்லை. பசிக்கு ஒரு காரணம் இருக்குமோ என்று அங்கே யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

கடைசியாக, ஜோசியர். அப்பாவுக்கு அந்தக் கண்டம் நிச்சயம் என்றால் பரிகாரம் வீண். பரிகாரத்தால் விலகும் என்றால் அது நிச்சயமாக எழுதப்பட்டது இல்லை. எழுத்து மாறும் என்றால் அதைப் படித்துச் சொல்ல ஜோசியர் எதற்கு? இந்த மூன்றையும் அவரிடமே மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். "கிரகம் பலவீனப்படும், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகும்" என்பார். அப்படிச் சொன்னால், எது நடந்தாலும் அவர் சொன்னது பலித்ததாகிவிடும் என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம், இருபதாயிரம் என்று கேட்டால் கொடுக்காதீர்கள். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை என்றால், ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் கூட்டிப்போங்கள். அப்பா ஆச்சிக்குத் தர்ப்பணம் கொடுக்கட்டும், அம்மாவும் ஒரு முழுக்குப் போடட்டும். படித்துறையில் வழுக்கும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று இந்த வாரமே பாருங்கள்.